டப்பா முட்டையா, நாமக்கல் முட்டையா, அத்தை வீட்டு முட்டையா

போன வருடம் முழுக்க எங்கள் வீட்டில் டப்பா முட்டைதான். காக்கி நிற அட்டைப்பெட்டி, உள்ளே ஆறு பழுப்பு முட்டை, மூடியில் புல்தரையில் நிற்கும் ஒரு கோழிப் படம், பக்கத்தில் பச்சை எழுத்தில் ஃப்ரீ ரேஞ்ச், அதாவது வெளியே மேயவிட்டு வளர்த்த கோழி. கோயம்புத்தூரில் இப்போது எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் இதற்கென்று தனியாக ஒரு அடுக்கு இருக்கிறது. எங்கள் அப்பார்ட்மென்டில் ஜிம்முக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை இருக்கிற வீடுகள் என்று ஆரம்பித்து, கடைசியில் வெள்ளை முட்டைத் தட்டோடு லிஃப்டில் ஏறக் கூச்சப்படும் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு முட்டை எனக்கு 18 ரூபாய் விழுந்தது. அதே வாரம் மளிகைக்கடையில் நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை முட்டை 7 ரூபாய். கூடக் கொடுத்த 11 ரூபாய் கோழிக்காக என்று நினைத்துக்கொண்டேன். தை மாதத்தோடு அதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று பலர் கேட்டார்கள், அதனால்தான் இது.

சத்தையும் ருசியையும் முதலிலேயே முடித்துவிடலாம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது, அதற்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் கரு எவ்வளவு ஆரஞ்சாக இருக்கும் என்பது தீவனத்தைப் பொறுத்தது. மக்காச்சோளம், கீரை, செண்டுமல்லிச் சாறு என்று எதைக் கொடுத்தாலும் நிறம் ஏறும். வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று முட்டையையும் ஆம்லெட் போட்டு, எது எது என்று சொல்லாமல் என் மனைவி பரிமாறினாள். நான் ரெண்டைத் தப்பாகச் சொன்னேன். அவித்த முட்டையில் பையன் ஓட்டுப் போட்டது வெள்ளைக்குத்தான், காரணம் ஓடு நன்றாக உரிகிறதாம். அது உண்மைதான், புது முட்டை அவித்தால் தோலோடு பிய்ந்து வரும், நாலு நாள் ஆன முட்டைதான் வழுவழு என்று உரியும். ஆக இந்தப் போட்டி நாக்கில் தீர்வதில்லை.

நாமக்கல் முட்டை பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. கல்லூரித் தோழன் ஒருவனின் பண்ணைக்குள் ஒரு தடவை போயிருக்கிறேன். மூன்றடுக்குக் கம்பிக் கூண்டு, ஒரு கூண்டுக்கு நாலு கோழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏ4 தாள் அளவுகூட இடம் கிடையாது. கம்பித் தளம் முன்பக்கம் சரிவாக இருக்கும், முட்டை தானே உருண்டு வந்து வெளியே நிற்கும். அமோனியா வாடை கண்ணைக் கரித்தது. பொழுது சாய்ந்த பிறகும் விளக்கு எரிகிறது, ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் இருந்தால்தான் முட்டை குறையாதாம். ஒரு கோழி சிறகை முழுசாக விரிக்கப் பார்த்து, பக்கத்துக் கோழியின் மேல் இடித்து, மறுபடி மடக்கிக்கொண்டது. டப்பா முட்டை பக்கம் நான் சாய்ந்ததற்கு அந்த ஒரு காட்சி போதுமாக இருந்தது.

சரி, டப்பா முட்டை அந்தக் கோழிக்கு என்ன கொடுக்கிறது என்று பார்த்தால், நிறையவே கொடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தரையில் நடக்கலாம், மண்ணில் புரளலாம், இறக்கையை அடிக்கலாம். கூண்டில்லாமல் ஷெட்டுக்குள் தரையில் விடுவது வேறு, வெளியே மேயவிடுவது வேறு, அட்டையில் இருக்கிற கோழிப் படம் ரெண்டையும் ஒன்றாகக் காட்டிவிடும். ஆனாலும் கம்பியை விட இது மேல்தான். இந்த ஒரு காரணத்துக்காக டப்பா வாங்குகிறேன் என்று சொல்லும் நண்பனோடு நான் வாதாட மாட்டேன்.

என்னை மாற்றியது வேறு. அட்டையில் இருந்த நம்பருக்கு ஒரு நாள் போன் போட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். கோழிகளை எத்தனை மணிக்கு வெளியே விடுகிறார்கள், என்ன தீவனம், எல்லாம் சொன்னார். கடைசியாக, "சேவக்குஞ்சுகளை என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் நேரம் சத்தமில்லை. "எங்களுக்கு ஹேச்சரியில இருந்தே பெட்டைக் குஞ்சாத்தாங்க வரும்" என்றார். ஹேச்சரி என்றால் குஞ்சு பொரித்து விற்கும் இடம். அப்படியென்றால் சேவல்கள்? "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க."

முட்டை பொரித்தால் பாதி பெட்டை, பாதி சேவல். இதில் கூண்டுக்கோழி, மேய்ச்சல் கோழி என்ற பேதமே இல்லை. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், கறிக்கு ஒரு இனம், முட்டைக்கு ஒரு இனம் என்று கோழியையே ரெண்டாகப் பிரித்துவிட்டார்கள். பல்லடம் பக்கத்துப் பிராய்லர் 40 நாளில் 2 கிலோவைத் தொடும். முட்டை இனத்தின் பெட்டை வருடத்துக்கு 300க்கு மேல் முட்டை போடும். அதன் கூடப் பிறந்த சேவல் முட்டையும் போடாது, கறியும் வைக்காது, மாதக்கணக்கில் தீனி போட்டாலும் செலவுக்குக் கட்டாது. அதனால் பொரித்த அன்றே தரம் பிரித்து, அரைத்தோ மூச்சடைக்க வைத்தோ கொன்றுவிடுகிறார்கள். உலகம் முழுக்க வருடத்துக்கு 700 கோடிக் குஞ்சுகள் என்று ஒரு மதிப்பீடு. ஜெர்மனியில் இதை 2022 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டார்கள், முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்க்கும் முறை அங்கே வந்திருக்கிறது.

நாமும் அந்தக் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறோம். தேர்த்திருவிழாவிலும் சந்தையிலும் கூடைகூடையாகப் பச்சை, ரோஸ், நீலம் என்று சாயம் முக்கி விற்பார்களே, அவை பெரும்பாலும் இப்படி ஒதுக்கப்பட்ட சேவல்கள்தான். சின்ன வயதில் அம்மாவிடம் அழுது அடம்பிடித்து ஒரு ரோஸ் குஞ்சு வாங்கினேன். அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு, மேலே பல்பு தொங்கவிட்டு, அரிசி நொய் வைத்தேன். மூன்றாம் நாள் காலை விறைத்துக் கிடந்தது. என் வளர்ப்புதான் சரியில்லை என்று ரொம்ப வருடம் நினைத்திருந்தேன்.

ஆக 7 ரூபாய் முட்டைக்கும் 18 ரூபாய் முட்டைக்கும் இந்த இடத்தில் வித்தியாசமே இல்லை. டப்பாவில் வருகிற ஒரே அளவு, ஒரே நிறப் பழுப்பு முட்டை என்பதே அதுவும் முட்டைக்கென்று பிரித்த கலப்பினம்தான் என்பதற்கு அடையாளம். கூடக் கொடுத்த 11 ரூபாய் பெட்டைக்குப் போகிறது, சேவலுக்கு அல்ல. படத்தில் புல்தரையைக் காட்டுகிறவர்கள் இதையும் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இப்போது மூன்றாவது. தாராபுரம் பக்கம் என் அத்தை வீட்டில் பன்னிரண்டு பதிமூன்று நாட்டுக்கோழி நிற்கிறது. காலையில் கொடாப்புக் கூடையைத் தூக்கிவிட்டால் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் போய்விடும், கிளுவை வேலிக்கு அடியில், வெள்ளைவேல மரத்து நிழலில் கிளறிக்கொண்டே இருக்கும், சாயங்காலம் ஒரு கைப்பிடி கம்பு இறைத்தால் ஓடி வரும். முட்டைகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்று சந்தன நிறம், ஒன்று வெளுத்த ரோஸ், ஒன்று கிட்டத்தட்ட வெள்ளை, எல்லாமே சின்னது. தூக்குப்போசியில் கம்பைக் கொட்டி, அதற்குள் முட்டைகளைப் புதைத்துக் கொடுத்தனுப்புவார். கோயம்புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், இதுவரை ஒன்றுகூட உடையவில்லை.

அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். சேவக்குஞ்சை என்னங்க அத்தை பண்ணுவீங்க? அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "பெட்டை முட்டை போடுது, சேவல் காசு போடுது, அதைப்போய் யாரு கண்ணு கொல்லுவாங்க?" என்றார். ஏழெட்டு மாதம் வளர்த்த சேவல் கிலோ 450 ரூபாய்க்கு வீட்டு வாசலிலேயே விலை போகிறது. பெட்டையை விடச் சேவலுக்குத்தான் கிராக்கி. கருப்பராயனுக்கு நேர்ந்து விட்டவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். எல்லாம் சாகத்தான் போகிறது, ஆனால் கிளறித் திரிந்து, கொக்கரித்து, ஒரு வெயில் காலமாவது பார்த்துவிட்டுச் சாகிறது. என் தராசில் அதற்குத்தான் எடை அதிகம்.

அதற்காக அங்கே எல்லாம் சுகம் என்றில்லை. போன தடவை பொரித்த பதினொன்றில் மூன்று மாதம் கழித்து நின்றது ஐந்து. பருந்து ரெண்டு, கீரி ஒன்று, மிச்சம் வெள்ளைக்கழிச்சல் நோய். கால்நடை மருந்தகத்தில் போடும் தடுப்பூசிக்கு அந்தத் தடவை கொண்டுபோகவில்லை. கழிச்சலில் கழுத்து முறுக்கிக்கொண்டு ரெண்டு நாள் கிடந்து சாகும் கோழியைப் பார்த்தால், கூண்டில் ஊசி போட்டு வளர்ப்பதே தேவலை என்று ஒரு நிமிடம் தோன்றும். அப்புறம், நல்ல கட்டான சேவலைப் பார்த்து விலை பேச வரும் இளவட்டங்கள் அதைக் குழம்புக்கா வாங்குகிறார்கள், சேவல் சண்டைக் கட்டுக்கா என்று அத்தை கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. டப்பா கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டவன் அத்தையிடம் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்டால் பதில் இல்லை.

இன்னொன்று, அத்தை இல்லாதவர்கள் ரோட்டோரம் நாட்டுக்கோழி முட்டை என்று பலகை பார்த்து வாங்கினால் ஜாக்கிரதை. நான் வாங்கிய ஒரு டஜனில் ஈரக்கையால் தேய்த்ததும் நிறம் விரலோடு வந்தது, டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்த சின்ன வெள்ளை முட்டை. அதற்கு டப்பா எவ்வளவோ மேல். கிராமப்பிரியா போல அரசு ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய புறக்கடை இனங்களின் முட்டையும் நாட்டு முட்டை என்ற பெயரிலேயே விற்கிறது. அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் அத்தை வீட்டுக் கோழி வேறு. இந்த இனங்களை நான் வளர்த்ததும் இல்லை, வளர்ப்பவரிடம் விசாரித்ததும் இல்லை, அதனால் இதற்கு மேல் போகவில்லை.

புதிதாக எது வந்தாலும் நம் ஊரில் முதலில் துள்ளுவோம். பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்த்த காலம் மறந்திருக்காது. 2012இல் அது சரிந்தபோது பட்டினி கிடந்தது காசு போட்டவர்கள் மட்டுமல்ல, பட்டிக்குள் இருந்த பறவைகளும்தான். டப்பா முட்டையை அதோடு சேர்க்கவில்லை, சும்மா ஞாபகம் வந்தது.

நாமக்கல் முட்டையை நான் வெறுக்கவும் இல்லை. சத்துணவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை கிடைப்பது அந்தக் கூண்டுகளால்தான். அத்தை வீட்டுப் பெட்டை ஒரு தடவைக்கு பன்னிரண்டு, பதினைந்து போட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும், வருடத்துக்கு அறுபது எழுபது வந்தால் அதிகம். அதை வைத்து ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக்கூடக் கட்டாது. அதனால் எங்கள் வீட்டில் முட்டையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டோம், அத்தை கொடுப்பதைச் சாப்பிடுகிறோம், பத்தாததற்கு வெள்ளை. நடுவில் இருந்த டப்பாதான் போய்விட்டது. கூண்டை மனதில் வைத்துப் பார்த்தால் இது தலைகீழ் முடிவு என்று மனைவி சொல்கிறாள், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நேற்று அத்தைக்குப் போன் போட்டேன். "ரெண்டு மாசத்துக்கு முட்டை கேக்காத கண்ணு, நாலு கோழி ஒண்ணா அடைக்கு உக்காந்திருச்சு" என்றார். மளிகைக்கடையில் ஒரு தட்டு வாங்கி லிஃப்டில் ஏறினேன்.