கேட்பரியா ரவுன்ட்ரீயா, தர்மம் பண்றதுல யாரு கெட்டி?

கேட்பரியோட டெய்ரி மில்க், ரவுன்ட்ரீயோட கிட்கேட் ரெண்டும் நாம சாப்பிட்டு வளர்ந்ததுதான், ஆனா ரெண்டுமே இங்கிலாந்துல குவேக்கர் குடும்பங்க நடத்துன கம்பெனி சரக்கு. குவேக்கர்னா கிறிஸ்தவத்துல ஒரு சின்ன பிரிவு, சாராயம்னா ஆகாது, அதனால அதுக்குப் பதிலா குடிக்க கோகோ விக்கிறது அவங்களுக்குப் பொழப்பாவும் இருந்துச்சு, ஊழியம் மாதிரியும் இருந்துச்சு. சம்பாதிச்ச காச என்ன பண்ணாங்கங்கிறதுலதான் ரெண்டு வீடும் வேற வேற ரூட்டு.

பர்மிங்காம்ல ஜார்ஜ் கேட்பரி. 1879ல ஃபேக்டரிய டவுனுக்கு வெளிய கொண்டுபோயி, அப்புறம் பக்கத்துலயே போர்ன்வில்னு ஒரு ஊரையே கட்டுனாரு. வீட்டுக்கு வீடு தோட்டம், ஆளு குடிவர்றதுக்கு முன்னாடியே பழமரம் நட்டு வெச்சிருப்பாங்க. மதுக்கடைக்கு இடமே இல்ல. 1900ல எல்லாத்தையும் டிரஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாரு.

யார்க்ல ஜோசப் ரவுன்ட்ரீ. அவரும் நியூ இயர்ஸ்விக்னு ஒரு ஊர் கட்டுனாரு, அத விடுங்க. அவரு பையன் சீபோம், யார்க்ல தொழிலாளிங்க வீடு வீடா கணக்கெடுக்க வெச்சு 1901ல வெளியிட்டாரு, ஊர்ல நூத்துக்கு கிட்டத்தட்ட 28 பேரு வறுமைல. 1904ல அப்பா மூணு டிரஸ்ட் தொடங்குறப்போ எழுதி வெச்சது செம, கஞ்சித்தொட்டி வைக்கிறேன்னா காசு வந்து கொட்டும், பசி எதனால வருதுன்னு ஆராயப்போறேன்னா எவனும் சீந்தமாட்டான்கிற மாதிரி. மூணுல ஒண்ண வேணும்னே சாரிட்டியா பதியல, வரி கட்டுனாலும் பரவால்ல, அரசியல்ல எறங்கி சட்டத்த மாத்தணும்னு. அந்த தில்லுதான் எனக்குப் புடிச்சது.

ஆனா ரெண்டு பேரும் சுத்தத் தங்கம் இல்ல. ஆப்பிரிக்கா பக்கத்துல இருக்கிற சாவோ தோமே தீவுல அடிமை மாதிரி ஆளுங்கள வெச்சு வேல வாங்குன கோகோவ ரெண்டு கம்பெனியுமே வாங்கிருக்கு. கேட்பரிக்கு 1901லயே சேதி தெரியும், நிறுத்துனது 1909ல. அத எழுதுன பேப்பர் மேல கேஸ் போட்டு ஜெயிச்சாங்க, ஜூரி குடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி!

ரவுன்ட்ரீய 1988ல நெஸ்லே வாங்கிருச்சு, கேட்பரிய 2010ல கிராஃப்ட். டிரஸ்ட்டுங்க மட்டும் இன்னிக்கும் ஓடுது. குடியிருக்க வீடு பாக்கச் சொன்னா நான் போர்ன்வில்லுக்குப் போவேன், பழமரத்துக்காகவே. கைல இருக்கிற காச ஒப்படைக்கச் சொன்னா ரவுன்ட்ரீகிட்டதான்.