வீட்டை "கேரண்டி வாடகை" கம்பெனிகிட்ட குடுக்கப் போறீங்களா, இத படிச்சிட்டு குடுங்க

சென்னை மேடவாக்கத்துல அப்பா வாங்கின ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் பூட்டியே கெடந்துச்சு. நாங்க கோயம்புத்தூர்ல செட்டில் ஆயிட்டோம். தங்கச்சி வித்துடலாம்னா, எனக்கு வாடகைக்கு விடலாம்னு எண்ணம். 60 லட்சம் போற வீட்டுக்கு மாசம் 16,000னா வருஷத்துக்கு 1,92,000, மூணு பர்சன்ட் சொச்சம்தான், அதுலயும் மெயின்டனன்ஸ், சொத்து வரி, பெயின்ட் செலவு எல்லாம் போகணும். ஆனா இடத்து மதிப்பு ஏறுமேன்னு முடிவெடுக்காம இழுத்துட்டே இருந்தோம்.

அப்பதான் வீடு மேனேஜ் பண்ற கம்பெனின்னு சொல்லிட்டு ஒரு ஆள் வந்தாரு. "அண்ணே வித்துடாதீங்க, வர்ற காசுல 20 பர்சன்ட் டாக்ஸுக்கே போயிடும், ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் மாசம் 18,000 உங்க அக்கவுன்ட்ல போட்டுடறோம்"னாரு. டாக்ஸ் பத்தி அவர் சொன்னதே பொய். 2024 ஜூலை 23க்கு அப்புறம் வித்தா, ரெண்டு வருஷத்துக்கு மேல கையில இருந்த வீட்டுக்கு 12.5 பர்சன்ட்தான், அதுவும் லாபத்துக்கு மட்டும். லாபத்தை ரெண்டு வருஷத்துக்குள்ள இன்னொரு வீடு வாங்கறதுல போட்டா அந்த அளவுக்கு வரியே கிடையாது. இத ஆடிட்டர் பின்னாடி சொல்லித்தான் தெரிஞ்சுது.

அப்ப அவர நம்பி வீட்ட அந்த கம்பெனிகிட்ட குடுத்துட்டோம். சில மாசம் பணம் டான்னு ஒன்னாம் தேதி வந்துச்சு. அப்புறம் பாதி வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு, போனும் எடுக்கல. நேர்ல போய் கதவ தட்டினா ஒரு அக்கா திறந்து, "நாங்க லீஸ் பணம் மொத்தமா கட்டிட்டோமே, நீங்க யாரு?"ங்கறாங்க. உள்ள போய் பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா வச்சிருந்த அக்ரிமென்ட்ட எடுத்துட்டு வந்து காட்டினாங்க. மூணு வருஷம், 8 லட்சம், வீட்டுக்காரர்ங்கற இடத்துல அந்த கம்பெனி கையெழுத்து. லீஸ்னா மாச வாடகை இல்லாம மொத்தமா ஒரு தொகை குடுத்து குடியிருந்துட்டு, காலி பண்றப்ப அத திருப்பி வாங்கிக்கறது. நகைய வித்து கட்டின காசுன்னு சொல்லி அழுதாங்க, அவங்ககிட்ட நான் என்னன்னு கோபப்படறது?

இதுல கணக்கு எப்படின்னா, மூணு வருஷத்துக்கு எனக்கு 18,000 குடுத்தாலும் 6,48,000தான் ஆகும், அவனுக்கு முதல் நாளே 8 லட்சம் கையில. ஆனா அந்த 8 லட்சத்த கடைசியில திருப்பியும் குடுக்கணும், ஒழுங்கா நடத்தினா அவனுக்கு நஷ்டம்தான். அதனால அந்த காச வேற எங்கயோ போட்டுட்டு, அடுத்த வீட்டு லீஸ் பணத்த எடுத்து நமக்கு வாடகை குடுக்கறான். புது வீடு மாட்டாம போனா எல்லாருக்கும் ஒரே நேரத்துல நிக்குது. எங்க அக்ரிமென்ட்ல எட்டாம் பக்கத்துல "மூன்றாம் நபருக்கு எந்த வகையிலும் அனுபவத்துக்கு விட உரிமை உண்டு"ன்னு ஒரு வரி இருக்கு. மொத்த விளையாட்டும் அந்த ஒரு வரியிலதான்.

இப்ப விக்கலாம்னாலும் முடியல. வாங்க வந்தவரு, லீஸ் பணம் கேட்டு உள்ள ஆள் உக்காந்திருக்குன்னு தெரிஞ்சதும் பின்வாங்கிட்டாரு. நானும் அந்த அக்கா குடும்பமும் சேர்ந்தே போய் கமிஷனர் ஆபீஸ்ல புகார் குடுத்திருக்கோம், அங்க போனா எங்கள மாதிரியே ஃபைலோட நிறைய பேரு.

வாடகைக்கு விடறதா இருந்தா குடியிருக்கப் போறவங்ககூட நேரடியா எழுதுங்க. 2019 பிப்ரவரில இருந்து தமிழ்நாட்டுல வாடகை ஒப்பந்தத்த எழுத்துல போட்டு ரென்ட் அத்தாரிட்டில (வாடகை விஷயத்துக்குன்னு இருக்கற அரசு அதிகாரிகிட்ட) பதியணும், உள்வாடகைக்கு விட வீட்டுக்காரர் எழுத்துல சம்மதம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு, அந்த சம்மதத்த இவனுங்க நம்மகிட்டயே நைசா வாங்கிடறானுங்க. ஏற்கனவே இப்படி குடுத்திருக்கீங்கன்னா, வாடகை ஒழுங்கா வந்துட்டு இருந்தாலும் சரி, இந்த ஞாயித்துக்கிழமையே நேர்ல போய் குடியிருக்கறவங்ககிட்ட அவங்க கையில இருக்கற அக்ரிமென்ட்ட கேட்டு வாங்கி பாருங்க. அதுல லீஸ்னு இருந்துச்சுன்னா அவங்களையும் கூட்டிட்டு அன்னைக்கே ஒரு வக்கீல பாருங்க.