மாட்டுக்கு வலி ஊசி: டைக்ளோஃபெனாக்கா, மெலாக்சிகாமா?

காய்ச்சல், வீக்கம் என்றால் மாட்டுக்கு இரண்டுமே கேட்கும். வித்தியாசம் தெரிவது, ஊசி போட்ட பின் செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகின் சிறுநீரகத்தில்.

கழுகுக்கு
டைக்ளோஃபெனாக்: சோதனையில் கொடுத்த பறவைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. யூரிக் அமிலம் வெளியேறாமல் ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்தது. சில நாளில் சாவு.
மெலாக்சிகாம்: 2006இல் வெளியான சோதனையில் கிலோவுக்கு 2 மி.கி. வரை கொடுத்தும் பாதிப்பில்லை.

விலை
முன்பு டைக்ளோஃபெனாக்தான் மலிவு. அதனால்தான் அவ்வளவு பரவியது.

சட்டம்
டைக்ளோஃபெனாக்: கால்நடைக்கு இந்தியாவில் 2006இல் தடை. பிறகும் மனிதருக்கான பெரிய குப்பியை மாட்டுக்குப் போட்டார்கள்!
மெலாக்சிகாம்: தடையில்லை.

ஆக, மாட்டுக்கு மெலாக்சிகாம். அசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மருந்தை நீட்டினாலும் வேண்டாம். மாட்டின் உடலுக்குள் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். டைக்ளோஃபெனாக், மருத்துவர் எழுதித் தந்தால், நம் மூட்டுவலிக்கு மட்டும்.