பழைய 207-க்கு வீட்டிலேயே பட்டி பார்த்தோம்: ஒரு மழைக்காலம் கழித்து எழுதும் மதிப்புரை

எட்டு ஆண்டைத் தாண்டிய சரக்கு வண்டி ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கான சோதனைக்கு, போக வேண்டும் என்பதால், தூத்துக்குடியில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பட்டியும் (தகரத்தின் மேடு பள்ளத்தைச் சமன்செய்யப் பூசும் குழைவு) பெயிண்டும் பழகிப்போன செலவுகள். எங்களுடையது 2004-ஆம் ஆண்டு டாட்டா 207 டி.ஐ.; அப்பா பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றிய வண்டி. சென்ற ஆண்டு மாசி மாதம், அதன் கேபினையும் பின்சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளையும் பட்டறையில் விடாமல் வீட்டு முற்றத்திலேயே நானும் தம்பியும் சரிசெய்தோம். அந்த வேலைக்கு வாங்கிய இரட்டைக் கலவை பாலியெஸ்டர் பட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. வேலை முடிந்த அன்றே எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டாக இருந்திருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் வண்டி வெட்டவெளியில் நின்று நனைந்த பிறகு எது நின்றது, எது கிளம்பியது என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கடையில் பல நிறுவனங்களின் டப்பாக்கள் கிடைக்கின்றன. நான் சொல்லப்போவது இந்த வகைப் பட்டி முழுவதற்கும் பொருந்தும் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் பழைய பட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டியின் மேல் நகர்த்திப் பார்த்தால், தகரம் இருக்கும் இடத்தில் இழுத்துப் பிடிக்கும். பட்டி தடித்த இடத்தில் வழுக்கி விழுந்துவிடும். எங்கள் வண்டியின் இடப்பக்கப் பின்சக்கர வளைவில் ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. உளியை வைத்து மெதுவாகத் தட்டியபோது விரல் தடிமனுக்குப் பட்டி ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. ஓர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். மேலே வெள்ளை பெயிண்ட், அதன் கீழே சாம்பல் நிறப் பட்டி, மறுபடியும் பெயிண்ட், மறுபடியும் பட்டி என்று எஃப்.சி.க்குப் போன ஆண்டுகளை எண்ணிவிடலாம் போல அடுக்கடுக்காக இருந்தது. கடைசி அடுக்குக்கு அடியில் ஓட்டையை மறைக்கத் திணித்திருந்த சாக்குத் துணி ஈரமாகவே இருந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்த நேரம் அது. அந்த ஈரம்தான் சுற்றியிருந்த நல்ல தகரத்தையும் தின்றிருந்தது. இதற்குப் பட்டியைக் குறை சொல்ல முடியாது. மேடு பள்ளத்தைச் சமன்செய்வதற்கென்று செய்த பொருளை ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தியதால் வந்த வினை அது.

ஆகவே இந்தப் பட்டியை வாங்குவதற்கு முன்னால் அதைத் தாங்கப் போகும் தகரம் சரியாக இருக்க வேண்டும். துருவேறிய பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்தோம். வெல்டிங் மட்டும் எங்களால் ஆகாத வேலை, தெருமுனைப் பட்டறை அண்ணாச்சியிடம் கேட்டபோது, "தம்பி, ஓட்டையில பட்டிய அடைச்சா உள்ள இருந்து துரு தின்னுக்கிட்டேதான் வரும். தகரத்த வெட்டிட்டு வாங்க, நான் ஒட்டித் தாரேன்" என்றார். 20 கேஜ் தகரத்தில், அதாவது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிமனில், ஒட்டு வெட்டி எடுத்துக்கொண்டு போனோம். ஒரே இழுப்பில் வெல்டிங் அடித்தால் தகரம் சூட்டில் நெளிந்துவிடும் என்பதால், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்பினார். கதவுகளின் அடிப்பகுதியும் உள்ளிருந்தே துருப்பிடித்திருந்தது. கதவுக்குக் கீழே தண்ணீர் வடிவதற்கென்று இருக்கும் துளைகள் சேறும் உப்பும் சேர்ந்து அடைத்துக் கிடந்ததே காரணம். அந்தத் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் வெளியே எவ்வளவு செலவழித்தாலும் பயனில்லை.

உப்பு ஏற்றிய வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. துருவின் குழிகளுக்குள் உப்பு தங்கிவிடும். மேலே எந்த மருந்தைப் பூசினாலும் அந்த உப்பு ஈரத்தை இழுத்து மறுபடியும் துருவைக் கிளப்பும். எனவே கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தபின், போர் தண்ணீரைத் தொடாமல், குடிநீர்க் குழாயில் வரும் நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவி, உடனே துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டோம். பிறகு துருவைக் கருநிறப் படலமாக மாற்றும் மருந்தைக் குழிகளில் மட்டும் தடவி, அது காய்ந்தபின் மிச்சத்தைத் துடைத்து நீக்கினோம். அமிலத்தன்மையுள்ள எந்தப் பூச்சும் எஞ்சியிருந்தால் அதன் மேல் இடும் பாலியெஸ்டர் பட்டி சரியாக இறுகாது. அதன் மேல் எபாக்சி பிரைமர் ஒரு கை அடித்து, ஒரு நாள் விட்டு, 180-ஆம் நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய பிறகே பட்டி டப்பாவைத் திறந்தோம்.

ஒரு கிலோ டப்பாவுடன் இருபது கிராம் ஹார்டனர் ட்யூப் ஒன்று வருகிறது. டப்பாவில் இருப்பது பாலியெஸ்டர் பிசினும் டால்க் என்னும் மாக்கல் தூளும் சேர்ந்த குழைவு; திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி, பிசினைக் கரைத்து வைத்திருக்கும் ஸ்டைரீனுடையது. ட்யூபில் இருப்பது பென்சாயில் பெராக்சைடு கலந்த சிவப்புப் பசை. இரண்டும் சேர்ந்தால்தான் இறுகும்; பழைய ஒற்றை டப்பா என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியைப் போலத் தின்னர் ஆவியாகிக் காய்வதில்லை. அதனால் இது காயக்காயச் சுருங்கிப் பள்ளம் விழுவது மிகக் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே, தகரத்தைச் சமன்செய்ய என்.சி. பட்டியை நான் இனித் தொடமாட்டேன். கடைசியில் தெரியும் ஊசித்துளைகளை நிரப்ப மட்டும் அது போதும்.

ஹார்டனரின் அளவுதான் இந்தப் பொருளில் எல்லாம். எடையில் நூற்றுக்கு இரண்டு என்பது பொதுக் கணக்கு. கண்மதிப்பாகப் பிதுக்கியதில் முதல் இரண்டு கலவைகள் வீணாயின. பிறகு சமையலறையில் மசாலா நிறுக்கும் சிறிய எலக்ட்ரானிக் தராசை எடுத்துக்கொண்டு, நூறு கிராம் பட்டிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் என்று நிறுத்தே போட்டோம். குறைத்தால் நாள் முழுதும் பிசுபிசுத்து உப்புத்தாளை அடைக்கிறது. கூட்டினால் இரண்டு நிமிடத்தில் கல்லாகிறது. அதோடு மிகுந்த பெராக்சைடு பின்னர் வெளிர் நிறப் பெயிண்டின் மேலே கறையாக ஊறி எழும் என்பதால், வெள்ளை வண்டிக்காரர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரக்கணக்கு 25 டிகிரிக்கானது. எங்கள் ஊர் மாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் தகரத்தைத் தொடவே முடியாது. விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்த நாட்களில் மட்டும் கலவையைப் பரப்ப ஐந்தாறு நிமிடம் கிடைத்தது.

கலப்பதற்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும். அட்டையில் கலந்தால் அட்டை பிசினை உறிஞ்சிவிடும். தோசை மாவைக் கரைப்பது போல வேகமாகக் கிளறக்கூடாது. கிளறினால் காற்று புகுந்து, தேய்த்தபின் நூற்றுக்கணக்கில் ஊசித்துளை தெரியும். பட்டித் தகட்டால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தி, சிவப்புக் கீற்று ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஒரே சீரான இளஞ்சிவப்பாக வரும் வரை குழைக்க வேண்டும். முதல் பூச்சைத் தகரத்தோடு தகரமாக அழுத்தி இழுத்து, அடுத்ததை அதன் மேல் பரப்பினோம். பட்டி இறுகும் வழியில் ஒரு பதம் வருகிறது: விரல் நகத்தால் கீறினால் ஒட்டாது, ஆனால் வெல்லப்பாகு ஆறும்போது இருப்பது போல வெட்டுக்கு இணங்கும். அந்தப் பதத்தில் துருவல் அரத்தால் மேடுகளைச் சீவினால் தேங்காய்த் துருவலாக உதிர்கிறது, அரை மணி நேரத் தேய்ப்பு மிச்சமாகிறது. பதம் தவறி முழுதாக இறுகிவிட்டால், 80-ஆம் நம்பர் தாளில் தொடங்கி வியர்வை சிந்தித்தான் இறக்க வேண்டும். மொத்தத் தடிமன் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம்; 207 போன்ற, ஏணி வடிவச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் லேடர் சேசிஸ் வண்டி சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது பாடி கொஞ்சம் முறுக்கும், தடித்த பட்டி அந்த முறுக்கத்தில் வெடித்துவிடும். அதற்கு மேல் பள்ளம் இருந்த இடங்களில், முன்னால் ஓர் இரும்புக் கட்டையைத் தாங்கக் கொடுத்து, பின்னாலிருந்து சுத்தியலால் தட்டித் தகரத்தையே வெளியே கொண்டுவந்தோம்.

இனி, இந்த மதிப்புரையை எழுத வைத்த விஷயம். எங்கள் பக்கத்துப் பெயிண்டர்கள் எல்லோரும் பட்டியை வாட்டர் பேப்பரால், தண்ணீர் ஊற்றித்தான் தேய்ப்பார்கள். தூசி பறக்காது, தாள் அடைக்காது, கைக்கும் இதம். நாங்கள் இடப்பக்க வளைவை உலர்ந்த தாளில், கட்டை வைத்து, 80, 180, 320 என்று இறக்கினோம். தூசி தாங்காமல் வலப்பக்க வளைவுக்கு வரும்போது மனம் தளர்ந்து, வாட்டர் பேப்பரை எடுத்துக்கொண்டு, கையருகே இருந்த போர் தண்ணீரையே ஊற்றித் தேய்த்தோம். இரண்டுக்கும் ஒரே டப்பாப் பட்டி, ஒரே பிரைமர், ஒரே பெயிண்ட். முடித்தபோது வலப்பக்கம்தான் வழுவழுப்பாக இருந்தது. அப்பாவும் அதைத்தான் தடவிப் பார்த்துப் பாராட்டினார். கார்த்திகை மழை ஓய்ந்து இரண்டு வாரத்தில் அதே வலப்பக்கத்தில் மிளகு அளவுக் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றை ஊசியால் குத்தினேன். ஒரு துளி நீர் வந்தது. அடியில் பட்டி மங்கி மெத்தென்று இருந்தது, நகம் இறங்கியது. இடப்பக்கத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

காரணம் பட்டியின் உள்ளடக்கத்திலேயே இருக்கிறது. டால்க் நிறைந்த பாலியெஸ்டர் பட்டியைத் தேய்த்துத் திறந்தால், அதன் மேற்பரப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய நீர் வெயிலில் காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே தங்கிவிடும். எங்கள் போர் தண்ணீரோ உப்புத் தண்ணீர். நீர் போனாலும் உப்பு போகாது. தகரத்தை நல்ல தண்ணீரில் அவ்வளவு கவனமாகக் கழுவிவிட்டு, அதே உப்பைப் பட்டிக்குள் நாங்களே ஊற்றியிருக்கிறோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பட்டியை எப்போதும் உலரவே தேய்க்க வேண்டும். பெயிண்டுக்கு முன் அடிக்கும் சர்ஃபேசர் என்னும் அடிப்பூச்சால் மூடிய பிறகு அதன் மேல் 600, 800 என்று தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதில் தவறில்லை. உலர்ந்த தேய்ப்பில் பறக்கும் தூசிக்கு நல்ல முகக்கவசம் கட்டாயம் வேண்டும். கைக்குட்டை கட்டினால் போதாது.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பளபளப்புக்கு ஆசைப்பட்டு 2கே பி.யு. (இரட்டைக் கலவை பாலியூரித்தேன்) பெயிண்டை வீட்டில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட், நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் கவசம் இல்லாமல் அதை அடிப்பது தவறு. நாங்கள் சாதாரண சிந்தெட்டிக் எனாமலே அடித்தோம், சரக்கு வண்டிக்கு அது போதும். வேறு நிறத்துக்கு மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டியிருக்கும் என்பதால் பழைய வெள்ளையையே வைத்துக்கொண்டோம்.

பொருளில் எனக்குள்ள குறைகள் இரண்டு. உலர்ந்தே தேய்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை டப்பாவின் பின்புறம் பொடி ஆங்கில எழுத்தில் ஒரு வரியாக இருக்கிறது; இதை வாங்குபவர்களில் பெரும்பாலோர் படிக்கக்கூடிய தமிழில், முன்புறத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். அடுத்தது ஹார்டனர் ட்யூப். கடையில் வெயில் படும் தட்டில் வைத்திருந்த ஒன்றைத் திறந்தபோது எண்ணெய் தனியாகவும் பசை தனியாகவும் பிரிந்து வந்தது. மூடியைத் திறக்குமுன் ட்யூபை நன்றாகப் பிசைந்தால் ஓரளவு சரியாகிறது. வாங்கும்போதே தயாரித்த தேதியைப் பார்த்து, நிழலில் வைத்திருக்கும் கடையில் கேட்டு வாங்குங்கள்; வீட்டிலும் வெயிலுக்கும் அடுப்புக்கும் தள்ளி வையுங்கள்.

மற்றபடி, நல்ல தகரத்தின் மேல் மெல்லிசாக இட்டு உலரத் தேய்க்கத் தயாராக இருப்பவர் தயங்காமல் வாங்கலாம். ஓட்டையோடு இருக்கும் வண்டியை அடுத்த வார எஃப்.சி.க்குள் மூடிவிட நினைப்பவர் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை வெல்டிங்குக்குக் கொடுக்கட்டும். இரண்டு டப்பா வாங்கியதில் கால் டப்பா மிஞ்சியிருக்கிறது. இந்த மாசியில் வலப்பக்க வளைவைத் தகரம் வரை உரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். வாட்டர் பேப்பர் கட்டைத் தம்பி இப்போதே எடுத்து, சர்ஃபேசர் டப்பாவோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டான்.