டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும்: இரண்டு திரும்பப்பெறுதல்கள்

2009-10இல் டொயோட்டாவும் 2014இல் ஜெனரல் மோட்டார்ஸும் அமெரிக்காவில் பல லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றன. டொயோட்டா கார்களில் தரைவிரிப்பு நகர்ந்து ஆக்ஸிலரேட்டர் மிதியைச் சிக்கவைத்தது. சிலவற்றில் அழுத்திய மிதியே மேலெழ மறுத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் கோளாறு சாவி போடும் சுவிட்சில் இருந்தது: கனத்த சாவிக்கொத்து ஆடினாலோ முழங்கால் இடித்தாலோ சாவி தானே திரும்பி, ஓடும் காரின் எஞ்சின் அணைந்துவிட, மோதும் வேளையில் காற்றுப்பையும் விரியாமல் போனது, அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

இரு நிறுவனங்களும் தெரிந்ததை மறைத்தன. ஆனால் அதற்காக டொயோட்டா அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்ட, ஜெனரல் மோட்டார்ஸ் 90 கோடி டாலரோடு தப்பியது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2010 பிப்ரவரியில் டொயோட்டாவின் அப்போதைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் பதில் சொன்னபோது, ஜெனரல் மோட்டார்ஸின் பெரும்பான்மைப் பங்கு அமெரிக்க அரசிடமே இருந்தது. டொயோட்டாவை வெளியார் என்று ஒதுக்கவும் முடியாது: கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ்டவுனில் 1988 முதல் கேம்ரி கார்களைச் செய்துவருபவர்கள் அமெரிக்கத் தொழிலாளர்களே, 2010இல் கோளாறுள்ள கார்களின் விற்பனை நிறுத்தப்பட்டதும் அந்த ஆலையின் உற்பத்தி வரிசையும் சில நாட்கள் நின்றது.