இசிசி83: முல்லார்டா, டெலிஃபங்கனா?

இசைத்தட்டை வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரில் கேட்கிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்தே தீருவார்கள். போனோ பகுதியில், அதாவது தட்டிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்குகிற இடத்தில், எந்த இசிசி83 வால்வைப் போடுவது? அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்று சொல்வதும் இதே வால்வைத்தான். ஊசியைத் தாங்கிய கார்ட்ரிட்ஜிலிருந்து வருகிற சிக்னல் 5 மில்லிவோல்ட் அளவுதான். அதை முதலில் வாங்கிப் பெருக்குவது இது என்பதால், இங்கே ஏறும் குணமும் இரைச்சலும் ஸ்பீக்கர் வரை போகும்.

நான் ஒப்பிட்டவை இரண்டு: இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த முல்லார்டு, ஜெர்மனியின் டெலிஃபங்கன். வைத்துக் கேட்டது ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரித் தட்டு.

முல்லார்டில் குரல் ஓரடி முன்னால் வந்து உட்காருகிறது. கீழ் ஸ்தாயியில் சதை கூடுகிறது. மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பி அடி உருண்டு விழுகிறது. மேல் ஸ்தாயி கொஞ்சம் மழுங்கல்தான், ஆனால் தேய்ந்த தட்டின் சரசரப்பும் சேர்ந்து அடங்குவதால் பழைய பதிவுகளுக்கு அது நல்லதே.

டெலிஃபங்கனை மாற்றியதும் முதலில் காதில் பட்டது தம்புரா. முல்லார்டில் குரலோடு கரைந்து கிடந்த அதே தம்புரா, இப்போது பின்னால் தனியாக, தந்திக்கு அடியில் வைக்கும் நூலான ஜீவா ரீங்கரிப்பது தெரியும்படி கேட்டது. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் விரல் எடுத்த பிறகும் நிற்கிற நாதம் முழுசாக வருகிறது. குரலில் அந்தக் கதகதப்பு இல்லை. மோசமாகப் பதிந்த தட்டு என்றால் குறையெல்லாம் பளிச்சென்று வெளியே வந்துவிடும்.

ஹாலந்தின் ஹீர்லன் ஆலையில் செய்த ஆம்பரெக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும், துள்ளல் சற்று அதிகம்.

ஒப்பிடும்போது ஒன்றை விடக்கூடாது. பழைய வால்வுகள் ஒன்றுபோல் பெருக்குவதில்லை. சற்றுச் சத்தமாகக் கேட்பதை 'நன்றாக இருக்கிறது' என்று காது சொல்லிவிடும். அதனால் டெஸ்ட் ரெக்கார்டில் ஒரே டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டுக்கும் அளவைச் சமன் செய்த பிறகே கேட்டேன். வித்தியாசம் குறைந்தது, ஆனால் தம்புரா விஷயம் அப்படியே இருந்தது.

அப்புறம், பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை லேசாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணிபோல் அடித்தால் அது போனோவுக்கு ஆகாது. உள்ளே இருக்கும் உலோகத் தகடு நீளமான, 'நீள பிளேட்' முல்லார்டுகளில் இந்தத் தொல்லை அதிகம்.

வாங்கும்போது மேலே அச்சிட்ட பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் காலத்துக் கம்பெனிகள் ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் விற்றன. முல்லார்டு என்றால் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் பொறித்த குறியீட்டில் பிளாக்பர்னுக்கான 'பி' (B) இருக்க வேண்டும். டெலிஃபங்கன் என்றால் பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வார்த்த வைர வடிவம்.

குரலுக்காகவே தட்டு வாங்குகிறவர்களுக்கு முல்லார்டைத்தான் சொல்வேன். என் ஆம்ப்ளிஃபயரில் டெலிஃபங்கன் இருக்கிறது. தம்புரா கேட்காத கச்சேரிக்கு என்னால் திரும்பிப் போக முடியவில்லை.