காட்மன் முறைத் தம்பதி ஆலோசனை: ஒரு வருஷம் கழித்து எது மிஞ்சுகிறது?

கணவன் மனைவி சண்டைக்கு ஆலோசனை என்றதும் பலரும் எதிர்பார்ப்பது பஞ்சாயத்துதான். யார் பக்கம் நியாயம் என்று ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். காட்மன் முறையில் அது நடக்காது. முதல் ஏமாற்றமே அதுதான். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளை உட்காரவைத்து வாக்குவாதம் செய்யச் சொன்னார். அவர்களுடைய நாடித்துடிப்பையும் முகபாவத்தையும் பதிவு செய்து வந்தார். அந்த ஆய்விலிருந்து பிறந்த முறை இது. எதற்காகச் சண்டை என்பதைவிட எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதில்தான் இது கை வைக்கிறது.

ஆரம்பம் மெதுவாகத்தான் இருக்கும். முதலில் இருவரும் சேர்ந்து ஓர் அமர்வு. அதில் தீராத ஏதோ ஒரு விஷயத்தைப் பத்து நிமிஷம் பேசச் சொல்லிவிட்டு, ஆலோசகர் குறுக்கிடாமல் பார்ப்பார். பிறகு தனித்தனி அமர்வு, நீளமான கேள்வித்தாள், அதன்பின் உங்கள் நிலவரத்தை எடுத்துச் சொல்லும் அமர்வு. அமர்வுக்கு 80-90 நிமிஷம் வேண்டும். முக்கால் மணி நேரத்தில் முடித்தால், பேச்சு சூடேறும் நேரத்தில் வெளியே வர வேண்டியிருக்கும்; மிச்சச் சண்டை ஆட்டோவில் நடக்கும்.

தனி அமர்வைத் தவிர்க்கும் ஆலோசகர் வேண்டாம். அடி, மிரட்டல் இருக்கிறதா என்பது வெளியே வருவது அங்கேதான். பயந்து வாழும் ஒருவரைத் துணையின் எதிரே வைத்து ‘மனசில் உள்ளதைச் சொல்லுங்கள்’ என்றால், வீட்டுக்குப் போனபின் அடி வாங்குவது அவர்தான். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சேர்ந்து உட்காரும் ஆலோசனையே பொருந்தாது. தனியாகச் சொன்னது துணையின் காதுக்குப் போகுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; இதில் ஆளுக்கு ஆள் விதி மாறும்.

கற்றுத்தருவதில் முதல் வாரமே பலன் தெரிவது பேச்சைத் தொடங்கும் விதம். ‘உங்களுக்கு வீட்டு நினைப்பே கிடையாது’ என்பது ஆளைக் குற்றம் சொல்வது. ‘நேத்து பால் வாங்கச் சொன்னேன், வாங்கல. காலைல காபி போட முடியல. இன்னிக்கு வரும்போது வாங்கிட்டு வாங்க’ என்பது நடந்ததைச் சொல்லி, வேண்டியதைக் கேட்பது. இரண்டாவதிலும் கோபம் இருக்கிறது, இருக்கட்டும். ‘உங்க வீட்டு வளர்ப்பு அப்படி’ என்று அதோடு ஒட்டும்போதுதான் எல்லாம் கெடுகிறது. காட்மன் சுட்டும் நான்கு விஷங்களில் (குற்றம் சாட்டல், இளக்காரம், சாக்குச் சொல்லல், பேசாமல் சுவராக நிற்றல்) கொடியது இளக்காரம். நம் வீடுகளில் அது பெரும்பாலும் பிறந்தகத்தை இழுத்தோ, ஒரு ‘அடேங்கப்பா’விலோதான் வரும்.

நீண்ட நாள் பயன்பாட்டில் நிஜமாக நிற்பது இடைவேளைதான். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது என்பது கணக்கு. வீட்டில் ஆக்ஸிமீட்டர் இருந்தால் விரலில் மாட்டிப் பார்க்கலாம். இல்லையென்றால் மணிக்கட்டில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். தாண்டியிருந்தால் பேச்சை நிறுத்திக் குறைந்தது 20 நிமிஷம் விலக வேண்டும். சொதப்புவது இரண்டு இடத்தில். ஒன்று, திரும்பும் நேரத்தைச் சொல்லாமல் எழுந்து போவது. ‘எட்டரைக்கு வந்து பேசறேன்’ என்று சொல்லாவிட்டால், எதிரே இருப்பவருக்கு அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதாகத்தான் படும். இன்னொன்று, மொட்டைமாடியில் நடந்தபடியே அடுத்து என்ன பதிலடி கொடுக்கலாம் என்று ஒத்திகை பார்ப்பது. கால் நடக்கிறது, துடிப்பு இறங்குவதில்லை. பாட்டுக் கேளுங்கள், துணி மடியுங்கள், எதுவானாலும் வழக்கை மனதில் நடத்தாதீர்கள். கூட்டுக்குடும்பத்தில் மூன்றாவது சிக்கலும் உண்டு: இடைவேளையில் மாமியாரிடமோ அம்மாவிடமோ போய் நியாயம் கேட்பது.

தம்பதிகளின் சண்டைகளில் 69 சதவீதம் தீராதவை என்பது காட்மன் சொல்லும் கணக்கு. பணத்தை இறுக்கிப் பிடிப்பவரும் தாராளமாகச் செலவழிப்பவரும் பத்து வருஷம் கழித்தும் அப்படியேதான் இருப்பார்கள். இதைக் கேட்டுச் சிலர் சோர்ந்துபோகிறார்கள், சிலருக்குப் பெரிய ஆறுதல். விவாகரத்தை 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாகக் கணிக்கலாம் என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். முடிவு தெரிந்த தம்பதிகளின் தரவிலேயே சூத்திரத்தைப் பொருத்திப் பார்த்தது அது. புதிய தம்பதிகளிடம் அதே துல்லியம் வராது.

ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வால் வாயடைத்துப்போனவரை ‘சுவர்’ என்று முத்திரை குத்துவது இந்த முறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஆலோசனை முடிந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருஷம் வரை, திரும்பப் பார்க்கும் அமர்வும் திட்டத்திலேயே உண்டு. ‘நல்லாத்தானே இருக்கோம்’ என்று அதை விட்டுவிடும் வீடுகளில் முதலில் மறந்துபோவது அந்த ‘எட்டரைக்கு வந்து பேசறேன்’.